ஆண்டவரோடு அப்பா தனியாகச் செய்துகொண்ட உடன்படிக்கை

அப்பா ஆண்டவருடைய சமுகத்துக்குப் போய் இந்த மாசியோடு ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிற எல்லாரும் அப்பாவை ஏதோ ஒரு விதத்தில் அறிந்தவர்கள். சூளையில் அவரோடு நின்றவர்கள் இருக்கிறீர்கள், ஆலயத்தில் பக்கத்தில் அமர்ந்தவர்கள் இருக்கிறீர்கள், அவர் கையால் ஒரு வேளைச் சோறு உண்டவர்களும் இருக்கிறீர்கள். அதிகம் பேசமாட்டார், கோபப்படமாட்டார், யாரிடமும் கை நீட்டமாட்டார் என்று நீங்கள் சொல்வீர்கள். அவ்வளவும் உண்மை. ஆனால் பன்னிரண்டு வருடங்கள் அவர் எங்கள் வீட்டுக்குள் எதற்காகக் காத்திருந்தார் என்பது உங்களில் இரண்டு மூன்று பேருக்கு மேல் தெரியாது. அதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எழுது. மறைச்சு வெச்சுதான் அவரு அவ்ளோ கஷ்டப்பட்டாரு" என்றார் அம்மா.

அப்பா கருவேப்பிலங்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், நான்கு பிள்ளைகளில் இரண்டாமவராகப் பிறந்தார். தாத்தா காலத்தில்தான் எங்கள் குடும்பம் கிறிஸ்துவுக்குள் வந்தது. அப்பாவுக்குப் பதின்மூன்று வயதில் தாத்தா இறந்துவிட, எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கரும்பு வெட்டப் போனார். செங்கல் சுமந்தார். பதினெட்டு வயதில் விருத்தாசலம் தொழிற்பேட்டைக்கு வந்து ஒரு செராமிக் கம்பெனியில் மண் கரைக்கிற வேலையில் சேர்ந்தார். பிறகு அச்சில் ஊற்றுகிற வேலை. பத்து வருடத்துக்குள் சூளை அவர் பொறுப்புக்கு வந்துவிட்டது. சூளைச் சுவரில் இருக்கிற சின்னத் துளையில் கண்ணை வைத்துப் பார்ப்பார். நெருப்பின் நிறத்தை வைத்தே உள்ளே இருக்கிற கப்பும் ஃப்யூஸ் கட்டையும் எந்தப் பதத்தில் இருக்கின்றன என்று சொல்லிவிடுவார். கூட வேலை செய்தவர் ஒருவருக்குக் கை வெந்துபோனபோது, அவர் வேலை போய்விடக் கூடாது என்று ஒரு மாதம் அவருடைய ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்தவர் அப்பா. அந்த அண்ணன் இந்த மலரிலும் இரண்டு வரி எழுதியிருக்கிறார்.

அம்மா கம்மாபுரத்துப் பக்கம். திருமணமாகி மூன்று வருடம் கழித்து நான் பிறந்தேன். எனக்குப் பின் வேறு குழந்தை இல்லை. தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் ஓட்டு வீடு. எங்கள் தெருவுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், ஆடிக் காற்று கிளம்பினால் அங்கே எல்லாம் வெள்ளையாகிவிடும். வேப்பமரம், கொடியில் காயும் துணி, படுத்திருக்கும் நாய் என்று ஒன்றையும் விடாமல், கம்பெனிகளிலிருந்து பறந்து வரும் மாவு போன்ற களிமண் படிந்துவிடும். நடுப்பகலில் தெருவில் ஆள் நடந்து போனால் கால் சத்தமே கேட்காது.

அந்த ஆடி மாதத்தில் ஒரு நாள்தான் நான் சொல்ல வந்தது.

எனக்கு ஆறு வயதில் மூளைக் காய்ச்சல் வந்து பிழைத்தேன். உறவினர்கள் எல்லாருக்கும் அது தெரியும். நான் பிழைத்த அந்த நாள் ஒவ்வொரு வருடமும் வரும்போது அப்பா வேலைக்குப் போகமாட்டார். விடிந்ததும் முகம் மழித்துக் குளித்து வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார். காலையிலிருந்து எதுவும் சாப்பிடமாட்டார். நடு வீட்டில் வாசலைப் பார்த்து ஒரு நாற்காலி போட்டு அமர்வார். எதிரே இன்னொரு நாற்காலி. அதன் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். வாசல் கதவு இரண்டையும் அகலத் திறந்து வைத்துவிடுவார். காற்று எவ்வளவு மண்ணைக் கொண்டுவந்து கொட்டினாலும் மூடவிடமாட்டார். பிற்பகல் மூன்று மணி வரைக்கும் அந்த இருப்பு.

மகள் பிழைத்ததற்கு நன்றி உபவாசம் என்றுதான் அம்மா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நன்றி சொல்கிறவர் முகம் அப்படி இருக்காது என்பது சிறு பிள்ளைக்கே தெரிந்தது. அந்த நாளில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது என் தலையில் கை வைத்து வெகுநேரம் எடுக்கமாட்டார். "போயிட்டு வரேம்ப்பா" என்றால் பதில் வராது.

ஐந்தாவது படிக்கும்போது ஒரு முறை வயிற்றுவலி என்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். வெள்ளை மண்ணில் என் காலடிச் சத்தம் கேட்கவில்லை போலிருக்கிறது. வாசலில் நான் போய் நின்றபோது அப்பா சட்டென்று எழுந்து, காலி நாற்காலியைப் பார்த்துக் கையைக் காட்டி, "வாங்க" என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "அப்பா, நான்தான்" என்றேன். அவர் அப்படியே நாற்காலியில் சரிந்து அமர்ந்தார். அதன் பிறகு ஒவ்வொரு ஆடியிலும் பள்ளிக்கூடத்திலேயே நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் வருவேன்.

இன்னொன்றும் இருந்தது. அந்த நாளுக்கு முன் ஓடு மாற்றுவார், கிணற்றுக் கயிறு மாற்றுவார், ஒரு வருடத்துக்கு வேண்டிய விறகைப் பிளந்து அடுக்குவார். அந்த நாள் கழிந்ததும் இரண்டு நாள் பேச்சே இருக்காது. ஒரு வருடம் மூன்று மணிக்கு நாற்காலியை எடுத்து வைக்கும்போது, "இந்த வருஷமும் வரல" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டதை அம்மா கேட்டிருக்கிறார். யார் வரவில்லை என்று கேட்கத் தனக்குத் தைரியம் வரவில்லை என்று அம்மா பிற்பாடு சொன்னார்.

புத்தாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். எனக்குப் பதினெட்டு வயது. கடலூரில் நர்சிங் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் திடீரென்று விடுமுறை விட்டதால் அந்த ஆடி நாளில் நான் வீட்டில் இருக்கும்படி ஆகிவிட்டது. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "சித்தப்பா வூட்டுக்குப் போயிட்டு வாயேன் பாப்பா" என்று இரண்டு முறை சொன்னார். வெயிலும் காற்றுமாக இருந்ததால் அம்மா விடவில்லை. நான் உள் அறையில் படித்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணி தாண்டியதும் காற்று நின்றது. அப்போதுதான் தெருவில் ஓர் ஆள் வருவதை உள் அறையிலிருந்து பார்த்தேன். வெள்ளை வேட்டி. பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் வெள்ளை மண். எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"ஐயா இருக்காருங்களா?"

அப்பா எழுந்தார். இந்த முறை தடுமாறவில்லை. "வாங்க. உட்காருங்க" என்றார்.

அந்த மனிதர் எதிர் நாற்காலியில் அமர்ந்து, சொம்பை எடுத்து அண்ணாந்து முழுத் தண்ணீரையும் குடித்தார். அவர் குடித்து முடிக்கும் வரை அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

"எம் பொண்ணு இன்னைக்கு வூட்ல இருக்குது. அது பார்க்க வேணாம். அதை எங்கனா அனுப்பிட்டு வெச்சிக்கலாங்களா?"

"எதை வெச்சிக்கலாங்க?"

"நீங்க எதுக்கு வந்தீங்களோ அதை."

வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போலாம்னு வந்தேங்க" என்றார்.

"பண்ணுங்க. பன்னெண்டு வருஷமா உட்கார்ந்திருக்கேன். அவளுக்குப் பதிலா நான் வரேன்னு சொன்னப்ப நீங்கதானே சரின்னு சொன்னீங்க. முகம் ஞாபகமில்ல. காலுதான் ஞாபகம் இருக்குது."

அடுப்படியிலிருந்து அம்மா ஈரக் கையோடு வந்து நின்றார். நான் அறையை விட்டு வெளியே வந்தேன். எங்கள் இருவரையும் அப்பா பார்க்கவே இல்லை. அந்த மனிதரின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவர் மெல்ல எழுந்தார். "ஐயா, நான் நம்ம சபைக்குப் புதுசா வந்திருக்கிற உபதேசியாருங்க. வர்ற வழியில வண்டி சறுக்கி, கம்பெனிக்காரங்க மண்ணு கரைச்சு வெச்சிருந்த குழில காலை விட்டுட்டேன். நீங்க யாரையோ நினைச்சுப் பேசுறீங்க."

அன்று மூன்று மணிக்குள் அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருடம் மனதில் கிடந்தது, ஒரு முறை வாயைத் திறந்ததும் நிற்கவில்லை.

எனக்குக் காய்ச்சல் முற்றியபோது புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் மதியம், இனி காத்திருப்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா என் கட்டிலருகே. அப்பா வெளியே வராந்தா பெஞ்சில் தனியாக அமர்ந்து, வாய்விட்டு ஆண்டவரிடம் பேசியிருக்கிறார். அவளுக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொள்ளும், எந்த வருடம் என்றாலும் சரி, இதே நாளில் இதே நேரத்தில் நான் தயாராக இருப்பேன் என்று.

சொல்லி முடித்ததும் பக்கத்தில் ஒரு குரல் "சரி" என்றது.

திரும்பிப் பார்த்தால் பெஞ்சின் மறுகோடியில் ஓர் ஆள். எப்போது வந்து உட்கார்ந்தார் என்று தெரியாது. வெள்ளை வேட்டி. முழங்கால் வரை வெள்ளை மண், எங்கள் ஊர் சூளை மண்போல. அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து வராந்தாக் கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டார். அந்த நிமிடத்தில்தான் அம்மா ஓடி வந்து, "பாப்பா தண்ணி கேக்குறா" என்றாராம்.

"அவரு யாருன்னு நினைச்சீங்க?" என்று உபதேசியார் கேட்டார்.

"ஆண்டவர் அனுப்பின ஆளுன்னு நினைச்சேன். வேற யாரு சரின்னு சொல்லுவா?"

அம்மாவுக்கு அழுகை வரவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? வருஷா வருஷம் என் தாலியை எடுத்து வெச்சிக்கிட்டு வாசல்ல உட்கார்ந்திருக்கீங்க. நான் உங்களுக்கு மோர் கலக்கி வெச்சிட்டு, மூணு மணி ஆகட்டும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

உபதேசியார் ஜெபம் செய்தார். என்ன சொல்லி ஜெபித்தார் என்று நினைவில்லை. மூன்று மணி அடித்தது. ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் எனக்கு ஒன்று நடந்துவிட்டது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நான் விடுகிற ஒவ்வொரு மூச்சும் அப்பாவின் மார்பிலிருந்து வருவதுபோல் இருந்தது. கல்லூரிக்குத் திரும்பிப் போயும் படிப்பு ஏறவில்லை. அடுத்த மாதம் ஊருக்கு வந்தபோது ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, ஆலயத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். முன் பெஞ்சில் முழங்காலிட்டு, "அப்பாவை விட்டுடுங்க. ஆறு வயசுல எடுத்திருக்க வேண்டியவளை இப்ப எடுத்துக்குங்க. வர்ற ஆடிக்கு நானே உட்கார்றேன்" என்றேன்.

சொல்லி முடித்ததும் பின்னால் பெஞ்சு ஒன்று கிறீச்சிட்டது. யாரோ எழுந்த சத்தம். பிறகு வாசல் பக்கமாகப் போகும் காலடி. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆலயம் கூட்ட வருகிறவராக இருக்கலாம், நிழலுக்கு ஒதுங்கியவராக இருக்கலாம். இன்றைக்கு அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு அந்த மனிதர் வந்து கேட்டுவிட்டுப் போய்விட்டார் என்றே நம்பினேன். வீட்டுக்கு வந்து என்னுடைய வெள்ளைச் சுடிதாரைத் துவைத்துத் தேய்த்து, பெட்டியின் அடியில் தனியாக மடித்து வைத்தேன். விடுதித் தோழிகளிடம் வாங்கியிருந்த புத்தகங்களை எல்லாம் திருப்பிக் கொடுத்தேன். நான் பயப்படவில்லை என்பதுதான் இப்போது நினைத்தால் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்தச் சுடிதாரை அம்மா கண்டுபிடித்துவிட்டார். பன்னிரண்டு வருடம் ஒரு மனிதர் வெள்ளைத் துணியை மடித்து வைப்பதைப் பார்த்தவர் அல்லவா, ஏன் என்று ஒரு கேள்வியில் என்னிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். அப்பா வேலை முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா அந்தத் துணியைக் கொண்டுபோய் அவர் முன்னால் திண்டில் வைத்தார்.

"பாருங்க. உங்க பொண்ணும் உங்களை மாதிரியே பேசி வெச்சிட்டு வந்திருக்கா. வர்ற ஆடிக்கு உங்களுக்குப் பதிலா அவ உட்காரப் போறாளாம்."

அப்பா ஈரக் கையோடு வந்தார். என் தோளைப் பிடித்து உலுக்கினார். "யாரு கேட்டா உன்னை? உன் உயிரை யாரு கேட்டா? நான் ஒத்துக்குவேனா அதை? எந்தத் தகப்பனாவது ஒத்துக்குவானா?"

அம்மா அமைதியாக, "ஆண்டவரு மட்டும் ஒத்துக்குவாருன்னு நினைச்சீங்களா?" என்றார்.

அப்பாவின் கை என் தோளிலிருந்து நழுவியது. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா நான்காம் வகுப்புப் படித்தவர். பிரசங்கம் செய்யத் தெரியாதவர். ஆனால் அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது.

மறுநாள் அப்பா உபதேசியார் வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உபதேசியாருக்கு நாற்பது வயது இருக்கும். அப்பாவைவிடச் சில வருடம் சிறியவர். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மனிதர். அப்பா முதலில் கேட்டது இதுதான்.

"சரின்னு சொன்னது யாருங்க?"

"தெரியாதுண்ணே. பக்கத்துல உட்கார்ந்து வேற யாருக்கோ சரி சொன்ன ஆளா இருக்கலாம். தானாப் பேசிக்கிட்டவரா இருக்கலாம். இல்ல, நான் சொல்லப் பயப்படுற வேற எதுவாவும் இருக்கலாம். ஆனா ஒண்ணு தெரியும். உயிருக்கு உயிர் கேட்டு வாசல்ல வந்து நிக்கிறவர் நம்ம ஆண்டவர் இல்ல."

"அப்புறம் உடன்படிக்கைன்னு வேதத்துல சொல்லுதே. நான் பண்ணினதும் அதானே?"

உபதேசியார் நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டார். "பழைய உடன்படிக்கையில ரெண்டு பக்கம் இருந்துச்சு. ஜனங்க இப்படி நடக்கணும், நான் இப்படிச் செய்வேன்னு. கல்லுல எழுதிக் கொடுத்தாரு. ஜனங்களால அவங்க பக்கத்தைக் காப்பாத்த முடியல. ஆட்டு ரத்தம், மாட்டு ரத்தம்னு வருஷா வருஷம் கொண்டுவந்தாங்க. வருஷா வருஷம் கொண்டுவந்தாங்கன்னாலே, அது முடியலன்னுதானேண்ணே அர்த்தம்?"

அப்பா தலையசைத்தார். வருஷா வருஷம் என்பது அவருக்குத்தானே தெரியும்.

"அதனாலதான் புதுசா ஒண்ணு செய்யுறேன்னாரு. இந்தத் தடவை கல்லுல இல்ல, உள்ளுக்குள்ள எழுதுறேன், அவங்க செஞ்ச தப்பை இனி நினைக்கவே மாட்டேன்னாரு. கடைசி ராத்திரி பந்தியில திராட்சரசப் பாத்திரத்தைக் கையில எடுத்து, இதுதான் அந்தப் புது உடன்படிக்கை, என் ரத்தத்துல ஆனதுன்னு சொன்னாரு. நம்ம பக்கத்தையும் அவரே ஏத்துக்கிட்டாரு. பதிலுக்குச் சிலுவையிலேயே ஒரு உயிர் கொடுத்தாச்சுண்ணே. அது உங்க உயிரும் இல்ல, பாப்பா உயிரும் இல்ல."

"அப்ப நான் என்னா செய்யணும்?"

"வாங்கிக் குடிக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அதுதாங்க கஷ்டம்."

அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூளைச் சூட்டில் ரோமம் பொசுங்கிப்போன கைகள். "சும்மா வாங்கி எனக்குப் பழக்கமில்லீங்க" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு இன்னொன்று தெரிந்தது. அந்தப் பன்னிரண்டு வருடங்களில் அப்பா ஒரு முறைகூடத் திருவிருந்தில், அந்த அப்பத்திலும் இரசப் பாத்திரத்திலும், பங்கெடுக்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஐயர் என்று நாங்கள் அழைக்கும் போதகர் வந்து திருவிருந்து கொடுப்பார். பிரசங்கம் முடிந்ததும் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். சூளையில் நெருப்பு எரிகிறது, போக வேண்டியிருக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம். தனியாக ஓர் ஒப்பந்தம் செய்துவிட்டவன் எல்லாருக்கும் பொதுவான அந்தப் பாத்திரத்தைத் தொடக் கூடாது என்று அவராகவே விலகி நின்றிருக்கிறார்.

ஒரே நாளில் அவர் மாறவில்லை. நான்கு மாதம் போயிற்று. ஒவ்வொரு திருவிருந்து ஞாயிறும் எழுந்து வெளியே போனார். ஐந்தாவது மாதமும் பிரசங்கம் முடிந்ததும் எழுந்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அப்பா வாசல் பக்கம் திரும்பாமல் முன்னால் நடந்தார். ஐயர் முன்னால் போய் முழங்காலிட்டார். அப்பத்தை வாங்கினார். ஐயர் பாத்திரத்தை நீட்டி, புதிய உடன்படிக்கையின் இரத்தம் என்று சொன்னபோது அப்பா அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். குடித்தார். மற்றவர்கள் எழுந்து போன பிறகும் எழவில்லை. ஆலயமே பார்த்துக்கொண்டிருந்தது. ஐயர் குனிந்து ஏதோ கேட்டார்.

"போலாங்களா?" என்று அப்பா கேட்டது முன் பெஞ்சில் இருந்த எனக்குக் கேட்டது.

"போங்க" என்றார் ஐயர்.

அவர் அதை ஒரு சாதாரணப் பதிலாகத்தான் சொல்லியிருப்பார். அப்பா திரும்பி நடந்து வந்தபோது அந்த முகத்தை நான் என் வாழ்நாளில் முதன்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது. நானும் எழுந்து போய் வாங்கிக்கொண்டேன். அந்த வெள்ளைச் சுடிதாரை மறுநாளே கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போனேன்.

அடுத்த ஆடி வந்தது. அந்த நாளும் வந்தது. அப்பா காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். "போயிட்டு வரேன்" என்றார். நான் கல்லூரியில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அம்மாவை அன்று தனியாக விட எனக்கு மனமில்லை. நாங்கள் தைரியமாக இருந்தோம் என்று சொன்னால் அது பொய். வாசல் கதவைச் சாத்திவிட்டு இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்தோம். பன்னிரண்டு மணிக்குக் காற்று நின்றது. தெருவில் ஒரு சத்தம் இல்லை. எங்கள் வீட்டு நாய் மட்டும் எழுந்து, வாசலைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து வந்து அம்மாவின் காலடியில் படுத்துக்கொண்டது.

அரை மணி நேரம் கழித்து அம்மா போய்க் கதவைத் திறந்தார். படியிலும் வாசலிலும் காலையிலிருந்து படிந்த வெள்ளை மண். அதில் வெறும் கால் தடங்கள். தெருவிலிருந்து நேராக எங்கள் படி வரைக்கும் வந்திருந்தன. கதவருகே இரண்டு பாதமும் சேர்ந்து நின்ற தடம் ஆழமாக இருந்தது. அங்கிருந்து திரும்பித் தெருவுக்குப் போயிருந்தன. கதவு தட்டிய சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்கவில்லை.

நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு விளக்குமாறை எடுத்துக்கொண்டு வந்தார். "அட்ரஸ் தெரியாம யாரோ வந்துட்டுப் போயிருக்காங்க" என்று சொல்லிப் படியிலிருந்து தெரு வரைக்கும் கூட்டித் தள்ளினார்.

சாயங்காலம் அப்பா வந்தார். "என்னா குழம்பு?" என்று கேட்டார். நாங்கள் அவரிடம் எதையும் சொல்லவில்லை. அவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களை நீங்களே பார்த்தீர்கள். அப்பா சிரித்தார். ஆலயத்தில் சத்தமாகப் பாடினார், சுருதி சேராமல். அதுவரை அவர் வாயிலிருந்து நான் கேட்டேயிராத ஒரு சொல் வர ஆரம்பித்தது. அடுத்த வருஷம் பின்பக்கம் ஒரு அறை எடுக்கணும், அடுத்த வருஷம் வேளாங்கண்ணிப் பக்கம் கடல் பார்க்கப் போகணும் என்பார். என் திருமணத்தை நடத்தினார். என் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் போய்ச் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் காட்டிவிட்டு வந்தார்.

போன வருடம் தை மாதம் இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தேன். நர்ஸாக இருப்பதால் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு மத்தியானம் கேட்டேன்.

"பயமா இருக்குதாப்பா?"

"பயமில்ல பாப்பா. ஆனா வேடிக்கையைப் பாரு. பன்னெண்டு வருஷம் தயாரா உட்கார்ந்திருந்தேன், வரல. இப்ப வருது, நான் தயாராவே இல்ல. ஜூன் மாசம் புள்ளையை ஸ்கூல்ல சேர்க்கக் கூட வரணும்னு இருந்தேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "பரவால்ல. தயாரா இல்லாமப் போறதுதான் நல்லா இருக்குது."

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது அப்பாவின் மூச்சு நின்றது. ஆடிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உடுத்தியிருந்தது கட்டம் போட்ட நீலக் கைலி.

அப்பாவின் நோய் நாட்களில் வீடு தேடி வந்து மருந்து கொடுத்த டாக்டருக்கும், கடைசி இரண்டு வாரமும் மாறி மாறி அம்மாவுக்குச் சமைத்துக் கொடுத்த தெருப் பெண்களுக்கும், அடக்கத்தன்று சூளையை விட்டு வர முடியாதவர்கள் போக மீதிப் பேர் வேலை உடுப்போடேயே வந்து பெட்டியைச் சுமந்தீர்களே, உங்களுக்கும் எங்கள் நன்றி. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸிலும் வண்டியிலும் வந்த சித்தப்பா குடும்பத்தாருக்கு நன்றி. இப்போது வேறு ஊர்ச் சபைக்கு மாற்றலாகிப் போயிருந்தும் செய்தி கேட்டதும் வந்து கல்லறையருகே ஜெபித்த உபதேசியாருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அன்றைக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

கடைசியாக ஒருவருக்கு. இந்த மலருக்காகப் பழைய போட்டோக்கள் கேட்டு உங்கள் வீட்டுக்கு வந்தபோது, அப்பாவைப் பற்றி எழுதப்போவதை உங்களிடம் சொன்னேன். என்னை வழியனுப்ப பஸ் ஸ்டாப் வரை வந்தீர்கள். பஸ் வருகிற நேரத்தில், "நானும் ஆண்டவர்கிட்ட ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேம்மா, பேரப்புள்ளைக்காக. வூட்ல யாருக்கும் தெரியாது" என்றீர்கள். எந்த நாள் என்பதையும் சொன்னீர்கள். பஸ் கிளம்பிவிட்டது, நான் ஒன்றும் பேச முடியவில்லை. உங்கள் பெயரை இங்கே எழுதமாட்டேன். ஆனால் இந்த மலர் உங்கள் கையில் இருக்கிறது, இந்த வரியையும் நீங்கள் வாசிப்பீர்கள். நீங்கள் சொன்ன நாள் அடுத்த மாதம் வருகிறது. அன்றைக்குக் காலை முதல் பஸ்ஸிலேயே நானும் அம்மாவும் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். மத்தியானச் சாப்பாடு அங்கேதான். வீட்டில் சொல்லி வையுங்கள்.